இங்கே எக்கோ கிடையாது

மார்ச் 3, வெள்ளி. விருதுநகர்

என் வீட்டுக்காரர் ஏன் இந்த விடுதியைத் தேர்ந்தெடுத்தார்? எனக்குத் தெரியவில்லை. மக்கள் எதை, ஏன் வாங்குகிறார்கள் என்று வகுப்பில் கோடு போட்டு விளக்குவதுதான் என் தொழில். சொந்த வீட்டில் ஒருவர் செய்த தேர்வை விளக்க முடியவில்லை.

தாண்டிக்குடி மலையில் ஏதோ ஒரு 'எக்கோ ஸ்டே'. சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத தங்குமிடமாம். இவர் முகம் மழித்து முடிக்கும்வரை குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கூட்டரில் நான் மாட்டிவைக்கும் துணிப்பை எப்போதும் காலியாகவே திரும்பி வரும். கையில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். இப்படிப்பட்டவருக்குத் திடீரென்று பூமியின் மேல் என்ன அக்கறை?

பதின்மூன்றாம் தேதி மதுரையில் இவருக்குத் தொண்டைப் புற்றுக்கு அறுவை சிகிச்சை. குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தாயிற்று, கேட்கவில்லை. பிறகு கழுத்தில் போடும் துளை வழியாக மூச்சு விடுவார். கருவி வைத்துப் பேசப் பழகலாம் என்றார் டாக்டர். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "அதுக்கு முன்னாடி எங்கயாச்சும் ஒரு நாலு நாள் போயிட்டு வரலாமா சார்?" என்று இவர்தான் கேட்டார். தாராளமாக என்றார் டாக்டர்.

திருச்செந்தூர் போகலாம் என்றேன். திருநெல்வேலியில் என் தம்பி வீடு இருக்கிறது என்றேன். "புக் பண்ணிட்டேன்" என்றார். ஏன் அங்கே என்றால், "சும்மாதான்."

என் ஆராய்ச்சி மாணவி ஃபர்சானாவின் தலைப்பே இதுதான்: பயணிகள் சுற்றுச்சூழல் விடுதிகளை ஏன் நாடுகிறார்கள். அவள் கேட்டவர்களில் பெரும்பாலோர் 'இயற்கையைக் காக்க' என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். நான் நம்பவில்லை. கேள்வி கேட்கிறவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வது நம்மவர்களின் மரியாதை. அவள் கேள்வியை இவரிடம் நீட்டினால் இவரும் அதையேதான் சொல்வார்.

மஃப்ளர், மாத்திரை, ஃபிளாஸ்க் எடுத்துவைத்தாயிற்று. ஓசூரிலிருந்து யாழினி போன் செய்தாள். "அப்பா பேசுறத ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்கம்மா, ப்ளீஸ்." சரி என்றேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 4, சனி. தாண்டிக்குடி

மதியம் வந்து சேர்ந்தோம். காப்பித் தோட்டத்துக்குள் ஓட்டு வீடுகள். ஏசி இல்லை, டிவி இல்லை. வெந்நீர் வெயிலைப் பொறுத்து. குளியலறையில் வேப்பம்புண்ணாக்கு வாசனையோடு ஒரு சோப்பு.

நடத்துகிறவர் ரோஸ்லின், நாற்பது வயது இருக்கும். ஜீப்பையும் அவரே ஓட்டுகிறார். இவரைப் பார்த்ததும், "வாங்க வைரவன் சார், போன்ல பேசுன குரல் இதான். இன்னும் தொண்ட கட்டித்தான் இருக்கா?" என்றார். "ஆமாம்மா, விட மாட்டேங்குது" என்று இவர் சிரித்தார். நான் அதைத் திருத்தவில்லை. ஊரார் பரிதாபப்படுவதை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு இடம் போதாது.

வாசலில் ஒரு பலகை: 'இது பறவைகளின் வீடு. நாம் விருந்தாளிகள். சத்தம் வேண்டாம்.' எனக்கு உடனே பிடித்துவிட்டது. மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறவரோடு இத்தனை காலம் வாழ்ந்தவளுக்கு இது சொர்க்கம். பட்டறை இரைச்சலில் பேசிப் பேசி அவர் வீட்டிலும் அதே உயரத்தில்தான் பேசுவார். பேசினார்.

அவர் அந்தப் பலகையை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார். மூன்றே வரிதான் இருக்கிறது.

சாயங்காலம் அறைக்குப் பின்னால் சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் போய் நின்றார். ஓங்கி ஒருமுறை கை தட்டினார். தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மறுபடி தட்டினார்.

"என்னது?" என்றேன்.

"கொசு."

இந்தக் குளிரில் ஏது கொசு?

மார்ச் 5, ஞாயிறு

காலைச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே நீள மேசையில். கேழ்வரகு இட்லி, கொத்தமல்லித் துவையல். சென்னையிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்திருக்கிறது. இட்லியை எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். எங்களுக்கு எதிரே திருப்பூர்க்காரர் சென்னியப்பனும் அவர் மனைவி பூங்கொடியும்.

பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்: ஏன் இங்கே?

"நல்ல தண்ணி குடிக்கத்தானுங்க" என்றார் சென்னியப்பன். "நம்முளுது சாயப்பட்டறைங்க. எங்கூர்ல தண்ணிய பாத்தாவே என்ன கலரு ஓடிட்டிருக்குன்னு சொல்லிப்போடலாம். வருசத்துக்கொருக்கா இங்க வந்து கண்ணாடியாட்டம் ஒரு தம்ளர் குடிச்சாத்தான் மனசு ஆறுதுங்க."

"கலர உட்டவரே வந்து கலர் இல்லாத தண்ணி தேடறாரு பாருங்" என்றார் பூங்கொடி. "என்னையக் கேளுங்க, நெசத்தச் சொல்றேன். இங்க டவர் கெடைக்காது. எங்க மாமியா போன் பண்ண முடியாது. அதுக்குத்தானுங்க வாறது."

இவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கரகரவென்று தகரத்தை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். சென்னைப் பெண் திரும்பிப் பார்த்தாள், முறைக்கவில்லை, பயந்தாள். நான் என்னையறியாமல் அவர் முழங்கையைத் தொட்டு, "மெதுவா" என்றேன்.

நிறுத்திவிட்டார். அதன்பின் துவையல் வேண்டும் என்றுகூடக் கையைக் காட்டித்தான் கேட்டார்.

நல்ல தண்ணீர், மாமியாரிடமிருந்து விடுதலை. ஃபர்சானாவின் கேள்வித்தாளில் இந்த இரண்டுக்கும் இடமே இல்லை.

மாலையில் ரெக்கார்ட் செய்யும் விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினார். யாழினி ஆசைப்படுகிறாள் என்றேன். "பெறகு பாப்போம்" என்றார். பிறகு என்று ஒன்று எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. துணிகளை மடித்தேன். மடித்தவற்றையே மறுபடி மடித்தேன்.

மார்ச் 6, திங்கள்

விடிந்ததும் என்னை எழுப்பாமல் எங்கோ போய்விட்டு முழங்கால்வரை சேறோடு வந்தார். எங்கே என்றால், "இப்படித்தான்." குரல் நேற்றைவிட மோசம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 7, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத வேண்டும்.

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ரோஸ்லின் வந்தார். கைக்கு வேலையில்லாதவர்போல என் வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிழிந்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. சாருக்கு இங்க ஏதும் குறையா?"

"இல்லையே. ஏன்?"

"நேத்து தோட்டத்துல வேல செய்யிறவங்ககிட்ட 'எக்கோ எந்தப் பக்கம்'னு கேட்ருக்காரு. அவங்களுக்குப் புரியல. எக்கோ ஸ்டே இதான் சார்னு சொல்லிருக்காங்க. 'அது தெரியும்யா, எங்க நின்னு கத்துனா கேக்கும்'னாராம்."

நான் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்பத்தான் எனக்கே உறைக்குது மேடம். புக் பண்ணும்போது, 'எக்கோ நல்லா இருக்குமாம்மா'ன்னு கேட்டாரு. நான், 'நூறு சதவீதம் எக்கோ சார், கொடைக்கானல் பக்கத்துல இவ்வளவு எக்கோ வேற எங்கயும் கெடையாது'ன்னேன். 'எல்லா நாளும் இருக்குமா, மேகம் வந்தா?'ன்னாரு. சோலார் கரண்டுக்குத்தான் கேக்குறாருன்னு நெனச்சு, 'மேகம் இருந்தாலும் பேட்டரி இருக்கு சார், சமாளிச்சுக்கலாம்'னேன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எக்கோவுக்குப் பேட்டரி போட்டு வச்சுருக்கோம்னு நெனச்சுருப்பாரு பாவம்!"

எனக்கும் வந்தது. விளம்பரத்திலும் பெயர்ப்பலகையிலும் தமிழில் 'எக்கோ' என்றுதான் போட்டிருக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கும் அதே எழுத்து, எதிரொலிக்கும் அதே எழுத்து. ஒருவர் ஒன்றை விற்றிருக்கிறார், இன்னொருவர் வேறொன்றை வாங்கியிருக்கிறார், இருவரும் மனநிறைவோடு போனை வைத்திருக்கிறார்கள். வகுப்பில் சொன்னால் பையன்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

சிரித்துக்கொண்டே இருந்தவள், "வர்ற திங்கக்கிழமை அவருக்குக் குரல்வளைய எடுக்கப்போறாங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கல்லூரியில்கூட முதல்வருக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் விடுப்பு கேட்க வேண்டியிருந்ததால்.

ரோஸ்லின் துண்டை வாளியில் போட்டார். ஐயோ, கடவுளே என்றெல்லாம் சொல்லாததற்கு அவருக்கு நன்றி.

"இங்க எக்கோ கெடையாது மேடம்" என்றார். "மரம் இருக்குல்ல. எவ்வளவு சத்தம் போட்டாலும் வாங்கி வச்சுக்கும், திருப்பித் தராது. எக்கோ வேணும்னா மொட்டைப் பாறை வேணும்." வேண்டாத ஒன்றை எடுப்பவர்போல மெதுவாகச் சொன்னார்: "கீழ ஒரு குவாரி இருக்கு. மலைய நெட்டுக்குத்தா வெட்டி வச்சுருக்கான். ஊரே சேந்து மறிச்சு மூட வச்சோம். மூடுன நாள்லேர்ந்து நான் அந்தப் பக்கம் போறதில்ல. பாத்தா வயித்தெரிச்சலா இருக்கும். ஆனா அங்க கேக்கும். வெடி வைக்கும்போது மூணு தடவ கேக்கும்."

"அங்க சத்தம் போடலாமா?"

"யாருக்கு இடைஞ்சல்? ஒரு குருவிகூடக் கெடையாது. நாளைக்குக் காலையில நான் கூட்டிட்டுப் போறேன்."

அறைக்கு வந்தபோது அவர் ஷூவில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எக்கோவைத் தேடியா இங்க வந்தீங்க?"

நிமிரவில்லை. "யாரு சொன்னா?"

"ரோஸ்லின்."

"நாலு நாளா கத்துறதுக்கு எடம் தேடுனா, சத்தம் போடாதீங்கன்னு போர்டு வச்சுருக்காய்ங்க. நான் யார்ட்ட போயி சொல்ல?" என்று சிரித்தார். பிறகு, "தப்பா வந்துட்டேன்னு வந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. உனக்கு எடம் பிடிச்சிருந்துச்சு. அதான் சொல்லல."

"கத்தி என்ன செய்யப்போறீங்க?"

"ஒண்ணும் செய்யப்போறதில்ல." குச்சியைக் கீழே போட்டார். "ஒருக்கா கேக்கணும். வெளிய இருந்து வந்தா எப்பிடி இருக்குன்னு."

"யாழினி சொன்னமாதிரி ஃபோன்ல பதிஞ்சு கேட்டா ஆச்சே."

"ஃபோனுக்குள்ள பேசி வச்சா அது ஃபோன்ல கெடக்கும். நான் செத்தவன் மாதிரி நீங்க ரெண்டு பேரும் போட்டுப் போட்டுக் கேப்பீங்க." இவ்வளவு பேசியதற்கே இருமல் வந்தது. அடங்கியபின் சொன்னார்: "மலையின்னா அப்பிடி இல்ல. நாம கூப்பிட்டா அந்த நிமிசத்துல பதில் வரும். ஆள் இருக்கிற மாதிரி."

நான் டம்ளரில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

நாளை காலை போகிறோம் என்று சொன்னதும் முகம் மாறிய விதத்தை எழுத வரவில்லை. உடனே பேச்சை நிறுத்திவிட்டார். நாளைக்காகச் சேர்த்துவைக்கிறாராம், சைகையில் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டில் சென்னியப்பன், "என்னுங்க, மௌன விரதமுங்களா?" என்று கேட்டதற்கும் கும்பிடு போட்டார். "கத்துக்கோங்க" என்று பூங்கொடி தன் கணவரை இடித்தார்.

ஃபர்சானாவுக்கு எழுத நினைக்கிறேன். ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்வியை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். என்ன கிடைக்கும் என்று நினைத்து வந்தீர்கள் என்று இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

இந்தக் குரலுக்கு நாளை என்ன முடியும் என்று தெரியவில்லை.

மார்ச் 8, புதன்

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினோம். ரோஸ்லின் ஓட்டினார். கடைசித் திருப்பத்தில் சில்வர் ஓக் மரங்கள் சட்டென்று முடிந்துபோயின. எதிரில் வெள்ளைச் சுவர்போலப் பாறை, உச்சியிலிருந்து அடிவரை வெட்டிய தடம். அடியில் அசையாத பச்சைத் தண்ணீர், கரையில் துருப்பிடித்த இரும்புக் கயிறு, சீமைக்கருவேல். ரோஸ்லின் ஜீப்பிலேயே இருந்துகொண்டார். "நீங்க போயிட்டு வாங்க. நான் பாக்கல" என்றார்.

அவர் தண்ணீர் ஓரம்வரை போனார். மஃப்ளரைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கால்களை அகட்டி ஊன்றி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கத்தினார்.

காற்றுதான் வந்தது.

மறுபடி முயன்றார். இந்த முறை நடுவில் ஏதோ ஒன்று கிறீச்சிட்டு உடைந்தது. எனக்கே கொஞ்சம்தான் கேட்டது, தண்ணீரைத் தாண்டியிருக்காது. பாறை அப்படியே நின்றது. மூன்றாவது முறை இருமல்தான். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஃபிளாஸ்க்கைத் திறந்து கொடுத்தேன். ஒரு கல்லில் உட்கார்ந்து குடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. இருமினால் வரும்.

"லேட்டா வந்துட்டோம் போல" என்றார்.

மஃப்ளரைச் சுற்றிவிட்டேன்.

"நீ கூப்பிடு."

"யாரை?"

"என்னையத்தான். கேக்குதான்னு பாப்போம். இவ்வளவு தூரம் வந்தாச்சு."

"எனக்குக் கத்த வராது." பொய் இல்லை. வகுப்பிலேயே மைக் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

"பேரச் சொல்லியே கூப்பிடு. இந்தப் பாறையெல்லாம் போயி உங்க அம்மாட்ட சொல்லாது."

பாறையைப் பார்த்து நின்றேன். அவர் பெயர் எனக்குத் தெரியாதா? மருத்துவமனையில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். வந்தது அதில்லை.

"என்னங்க!"

இவ்வளவு பெரிய சத்தம் எனக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. தண்ணீரைத் தாண்டிப் போய்ப் பாறையில் மோதி, "ன்னங்க" என்று திரும்பி வந்தது. பிறகு இடது பக்கத்திலிருந்து, கொஞ்சம் தாமதமாக, "ங்க" என்று மட்டும்.

பின்னால் சரளைக்கல்லில் காலடிச் சத்தம். ரோஸ்லின் ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. "என்னாச்சு மேடம்? கூப்பிட்டீங்களா?"

"உங்களை இல்லை" என்றேன்.

அவர் கல்லில் உட்கார்ந்தபடியே பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி "ங்க" அடங்குகிறவரை காத்திருந்துவிட்டு, இருக்கிற குரலில், என்னிடம் இல்லை, அதனிடம் சொன்னார்:

"இங்கதான இருக்கேன்."

நான் மறுபடி கூப்பிட்டேன்.